சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (அக்டோபர் 19, 1910 – ஆகஸ்ட் 21, 1995) தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலாளர் ஆவார். அறிவியல் உலகில் இவர் சந்திரா என்றே பெரிதும் அறியப்பட்டார். எரிபொருள் தீர்ந்துபோன ஒரு விண்மீன் எவ்வளவு நிறை வரை வெண் குறுமீனாக நிலைத்திருக்க இயலும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் இவரே. அவ்வெல்லை இன்று சந்திரசேகர் எல்லை என அழைக்கப்படுகின்றது. 1983ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசை இவர் வில்லியம் ஆல்பிரட் பவுலருடன் பகிர்ந்துகொண்டார்.

பள்ளி மாணவர்கள் வேதியியல் பாடத்தில் படிக்கும் நல்லியல்பு வளிம விதி ஒரு விண்மீனின் உட்பகுதியில் எதுவரை செல்லுபடியாகும், எங்கே பொய்த்துப் போகும் என்னும் கேள்வியே இவரது புகழ்பெற்ற கண்டுபிடிப்பின் அடிப்படையாகும்.

பிறப்பும் குடும்பமும்

சந்திரசேகர் அன்றைய ஒன்றுபட்ட இந்தியாவின் லாகூர் நகரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசின் தணிக்கை மற்றும் கணக்குத் துறையில் உயர் அதிகாரி. வடமேற்கு இரயில்வே தொடர்பான பணியின் பொருட்டு அப்போது லாகூரில் இருந்தார். தாயார் சீதாலட்சுமி. முறையான உயர்கல்வி இல்லாதபோதும் தம் முயற்சியால் கற்று, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர் மூன்றாமவர். ஆண் மக்களில் மூத்தவர். பாட்டனாரின் பெயரே இவருக்கு இடப்பட்டது. 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா முறை ஆவார்.

பன்னிரண்டு வயது வரை இவர் வீட்டிலேயே கல்வி பயின்றார். குடும்பம் 1918இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் 1930 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகன் இந்தியக் குடிமைப் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தாயோ மகன் தன் மனம் விரும்பியதையே படிக்கட்டும் என்று துணை நின்றார்.

சொமர்பெல்டு சந்திப்பு

1928இல் செருமானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சொமர்பெல்டு சென்னைக்கு வருகை தந்தார். அவரது நூலைத் தாமாகவே படித்து முடித்திருந்த சந்திரசேகர் அவரை நேரில் சென்று கண்டார். அந்நூல் வெளிவந்த பின்னர் இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது என்பதை அச்சந்திப்பில்தான் இவர் அறிந்தார். குவாண்டம் விசையியல் உருவாகியிருந்தது. எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகளின் கூட்டம் சாதாரண வளிமத்தைப் போல் நடந்துகொள்வதில்லை என்பதை பெர்மி–டிராக் புள்ளியியல் காட்டியிருந்தது. உலோகங்களிலுள்ள எதிர்மின்னிகளைப் பற்றி அப்போது அச்சில் இருந்த தம் கட்டுரையின் படியைச் சொமர்பெல்டு இவருக்குக் கொடுத்தார். பதினெட்டு வயது மாணவரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட நிகழ்ச்சி இது என்று கூறினால் மிகையாகாது. இப்புதிய புள்ளியியலைப் பயன்படுத்தி இவர் எழுதிய முதல் பெரிய கட்டுரை, கேம்பிரிட்சைச் சேர்ந்த ரால்ப் பவுலரின் வழியாக, 1929இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் இதழில் வெளியானது. (இந்த ரால்ப் பவுலர் வேறு, பிற்காலத்தில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் பவுலர் வேறு.)

நல்லியல்பு வளிம விதியும் விண்மீன்களும்

சந்திரசேகரின் ஆய்வைப் புரிந்துகொள்ள வளிம அழுத்தம் கணக்கிடப்படும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். பாயில், சார்லசு, அவகாதரோ ஆகியோரின் விதிகளை ஒன்றிணைத்தது நல்லியல்பு வளிம விதி. இதற்கு 1834இல் ஒருங்கிணைந்த வடிவம் தந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாப்பிரோன். வளிமத்தின் மோல் எண்ணிக்கையை வளிம மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, கனஅளவால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 50 லிட்டர் உருளையில் 280 கிராம் நைதரசன், அதாவது 10 மோல், 300 கெல்வின் வெப்பநிலையில் இருப்பதாகக் கொள்வோம். மாறிலியை 0.0821 எனக் கொண்டால், 10 × 0.0821 × 300 ÷ 50 = ஏறத்தாழ 4.9 வளிமண்டல அழுத்தம் என விடை வரும்.

துகள்கள் தம் இடைவெளியுடன் ஒப்பிட மிகச் சிறியவை என்பதும், அவை ஒன்றையொன்று ஈர்ப்பதோ தள்ளுவதோ புறக்கணிக்கத்தக்கது என்பதும் இவ்விதியின் எடுகோள்கள். எனவே வளிமம் நெருக்கப்படும்போது விதி பிழைபடும். உருளைகளில் அடைக்கப்பட்ட சமையல் எரிவளிமம் நீர்மமாகி விடுவதே இதற்குச் சான்று. அப்படியானால் நடுப்பகுதியில் நீரைப்போல் 150 மடங்கு அடர்த்தியுள்ள கதிரவனில் இவ்விதி எப்படிப் பொருந்தும்? வியப்பளிக்கும் வகையில், அது நன்றாகவே பொருந்துகின்றது. அங்குள்ள கடும் வெப்பத்தில் அணுக்கள் முற்றிலும் உடைந்து, கருக்களாகவும் தனி எதிர்மின்னிகளாகவும் பிரிந்து விடுகின்றன. அணுவோடு ஒப்பிட இவை மிக நுண்ணியவை. ஆகவே நெருங்குவதற்கு இடம் ஏராளமாக உள்ளது. இதை 1924இல் தெளிவாக எடுத்துரைத்தவர் கேம்பிரிட்சு வானியலாளர் சர் ஆர்தர் எடிங்டன் ஆவார்.

மேற்கண்ட கணக்கையே கதிரவனின் நடுவத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டரில் 1,50,000 கிராம் பொருள் உள்ளது. அணுக்கள் உடைந்திருப்பதால் துகள்களின் சராசரி நிறை மோல் ஒன்றுக்கு 0.85 கிராம் அளவுக்குக் குறைந்து விடுகின்றது. எனவே ஒரு லிட்டரில் ஏறக்குறைய 1,76,000 மோல் துகள்கள். வெப்பநிலை 1.5 கோடி கெல்வின். இவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 22,000 கோடி வளிமண்டல அழுத்தம் எனக் கிடைக்கும். இன்றைய கணினி மாதிரிகள் தரும் விடையும் இதை ஒட்டியதே.

ஒரு விண்மீன் தன் ஈர்ப்பினால் நொறுங்காமல் நிற்பதற்கு இவ்வழுத்தமே காரணம். விண்மீன் ஒன்று பாதி ஆரத்துக்குச் சுருங்குவதாகக் கொள்வோம். அடர்த்தி 8 மடங்காகும். ஆனால் ஈர்ப்பைத் தாங்கத் தேவைப்படும் அழுத்தமோ 16 மடங்காகும். நல்லியல்பு வளிமத்தில் வெப்பநிலை மாறாதிருந்தால் அழுத்தம் 8 மடங்கே உயரும்; அது போதாது. வெப்பநிலையும் இரு மடங்கானால்தான் 16 என்னும் எண் கிட்டும். எனவே நல்லியல்பு வளிமத்தாலான விண்மீன் சுருங்கும்தோறும் சூடாகிக்கொண்டே போக வேண்டும். அது என்றாவது குளிர்ந்து ஓய முடியுமா?

இக்கேள்வி வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. சிரியசு விண்மீனின் துணையான சிரியசு பி, கதிரவனை ஒத்த நிறையும் புவியை ஒத்த பருமனும் கொண்டது. அதில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ளது. இத்தகைய விண்மீன்களே வெண் குறுமீன்கள். 1926இல் ரால்ப் பவுலர் இப்புதிருக்கு ஒரு விடை கண்டார். இவ்வளவு நெருக்கத்தில் எதிர்மின்னிகள் நல்லியல்பு வளிம விதியைப் பின்பற்றுவதில்லை. ஒரே நிலையில் இரண்டு எதிர்மின்னிகள் இருத்தல் ஆகாது என்பதால், வெப்பமே இல்லாத நிலையிலும் அவை விரைந்து இயங்கி அழுத்தம் தருகின்றன. இந்தக் குவாண்டம் அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்காக உயர்கிறது. அடர்த்தி 8 மடங்கானால் அழுத்தம் 32 மடங்கு; தேவையோ 16 மட்டுமே. ஆகவே எந்த விண்மீனும் ஒரு கட்டத்தில் சுருங்குவதை நிறுத்தி, அமைதியாகக் குளிர்ந்து போகலாம் என்று வானியலாளர்கள் நிம்மதி அடைந்தனர்.

கப்பல் பயணம்

இந்திய அரசின் உதவித்தொகை பெற்று 1930 சூலை 31 அன்று சந்திரசேகர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். நோயுற்றிருந்த தாய், மகன் போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார்; மகன் அவரை மீண்டும் காணவில்லை.

புறப்படும் முன்னரே பவுலரின் கருத்தைப் பின்பற்றி, ஒரு வெண் குறுமீனின் நடுவத்தில் அடர்த்தி அதன் சராசரியைப்போல் ஆறு மடங்கு இருக்கும் என இவர் கணக்கிட்டிருந்தார். கப்பலில் அக்கணக்கை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது ஒரு செய்தி புலப்பட்டது. அவ்வளவு அடர்த்தியில் எதிர்மின்னிகளின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்படியானால் ஐன்சுடைனின் சார்புக் கோட்பாட்டைச் சேர்க்காமல் பவுலரின் சமன்பாட்டைப் பயன்படுத்த இயலாது. சேர்த்துக் கணக்கிட்டபோது அடுக்கு 5/3இலிருந்து 4/3 ஆகக் குறைந்தது. அதாவது அடர்த்தி 8 மடங்கானால் அழுத்தம் 32 மடங்கு அன்று, 16 மடங்கு மட்டுமே உயரும். ஈர்ப்பும் அதே 16ஐத்தான் கேட்கிறது. சுருங்குவதால் விண்மீனுக்கு எந்த ஆதாயமும் இல்லை. இவ்விரண்டும் சமன்படுவது ஒரே ஒரு குறிப்பிட்ட நிறையில்தான். அதற்கு மேற்பட்ட நிறையை இவ்வழுத்தம் தாங்காது.

ஆகஸ்ட் 19 அன்று வெனிசு துறைமுகத்தில் இறங்கியபோது இவருக்கு வயது பத்தொன்பது. கேம்பிரிட்சில் பவுலர் முதல் கட்டுரையை ஏற்று வெளியிட உதவினார். எல்லை நிறை பற்றிய இரண்டாவது கட்டுரையில் தயக்கம் காட்டினார். மாதங்கள் கடந்த பின் சந்திரசேகர் அதை அமெரிக்காவின் வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். 1931இல் அது சில பக்கங்களே கொண்ட குறுங்கட்டுரையாக வெளிவந்தது. அதில் எல்லை 0.91 கதிரவ நிறை எனக் குறிக்கப்பட்டிருந்தது. விண்மீனின் வேதிச் சேர்மானம் பற்றிய அன்றைய கருத்து மாறிய பின்னர் அம்மதிப்பு 1.44 ஆனது, முறை மாறவில்லை. எசுத்தோனியாவில் வில்லெம் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் எட்மண்டு சுடோனரும் இதையொத்த முடிவுகளைத் தனித்தனியே எட்டியிருந்தனர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். எனினும் விண்மீனின் அகக் கட்டமைப்பை முழுமையாகக் கணக்கிட்டவர் சந்திரசேகரே.

நல்லியல்பு வளிமம் தோற்காத விண்மீன்கள்

1932இல் வெளியான அடுத்த கட்டுரை பொதுவாக அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் எல்லையின் உட்பொருளை அதுவே தெளிவாகக் காட்டுகின்றது. பெருநிறை விண்மீன்களில் வளிம அழுத்தத்துடன் ஒளியின் கதிர்வீச்சு அழுத்தமும் சேர்ந்து ஈர்ப்பைத் தாங்குகிறது. மொத்த அழுத்தத்தில் கதிர்வீச்சின் பங்கு 9.2 விழுக்காட்டைத் தாண்டினால், நல்லியல்பு வளிம விதி தரும் அழுத்தம் எதிர்மின்னிகளின் குவாண்டம் அழுத்தத்தை விட எப்போதும் கூடுதலாகவே இருக்கும் என்று சந்திரசேகர் காட்டினார். இரண்டுமே அடர்த்தியின் 4/3 அடுக்காக ஒன்றாக உயர்வதால், பின்னது முன்னதை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பே இல்லை.

இதன் பொருள் என்னவெனில், அத்தகைய விண்மீன் எவ்வளவு நெருக்கப்பட்டாலும் அதன் பொருள் நல்லியல்பு வளிமமாகவே இருக்கும். நல்லியல்பு வளிமமாக இருக்கும் வரை அது சுருங்கச் சுருங்கச் சூடாகும். சூடானால் ஆற்றலை இழக்கும். இழந்தால் மேலும் சுருங்கும். வெண் குறுமீனாகி ஓய்வு பெறும் பேறு அதற்கு இல்லை. விதி பொய்த்துப் போவதுதான் சிறிய விண்மீன்களைக் காப்பாற்றுகிறது என்பது வேடிக்கையான உண்மை.

எடிங்டனுடன் கருத்து முரண்

1933இல் முனைவர் பட்டம் பெற்ற சந்திரசேகர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு பெற்றார். 1934இல் சோவியத் ஒன்றியம் சென்றபோது வானியலாளர் அம்பார்த்சுமியான், பல்வேறு நிறைகளுக்குத் துல்லியமான கணக்குகளைச் செய்து காட்டினால் ஐயங்கள் தீரும் என்று இவருக்கு எடுத்துரைத்தார். கேம்பிரிட்சு திரும்பியதும் கைச்சுழற்சிக் கணிப்பானின் துணையோடு பல மாதங்கள் உழைத்து அக்கணக்குகளை முடித்தார். அக்கருவியைப் பெற்றுத் தந்தவர் எடிங்டன். அவர் இவரது அறைக்கு அடிக்கடி வந்து கணக்கின் போக்கைக் கேட்டறிந்தும் சென்றார்.

1935 சனவரி 11 அன்று இலண்டனில் வேந்திய வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளை அறிவித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். குவாண்டம் புள்ளியியலையும் சார்புக் கோட்பாட்டையும் இவ்வாறு இணைப்பதே தவறு என்றும், விண்மீன் முடிவின்றிச் சுருங்குவது போன்ற அபத்தத்தை இயற்கை அனுமதிக்காது என்றும் அவர் நகைச்சுவையுடன் வாதிட்டார். அவை சிரித்தது. இப்படிப் பேசப் போவதாக முன்னர் ஒரு சொல்லும் அவர் சந்திரசேகரிடம் கூறியிருக்கவில்லை. அதே ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு வானியல் கூட்டத்திலும் எடிங்டன் இதையே பேசினார். மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

போர், பவுலி, ரோசன்பெல்டு முதலிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் பக்கமே நியாயம் இருப்பதாகக் கருதினர். ஆயினும் வானியலாளர்களின் பூசலில் வெளிப்படையாகத் தலையிட அவர்கள் முன்வரவில்லை. அழுத்தச் சமன்பாடு சரியானதே என்று 1936இல் பெயர்ல்சு ஒரு குறிப்பு வெளியிட்டார். 1942இல் டிராக், பெயர்ல்சு, பிரைசு மூவரும் எடிங்டனின் வாதத்தைக் கட்டுரை வாயிலாக மறுத்தனர். எடிங்டன் 1944இல் இறக்கும் வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இனப்பாகுபாடே இதற்குக் காரணம் எனச் சிலர் எழுதியுள்ளனர். எனினும் எடிங்டன் சீன்சு, மில்னே ஆகிய ஆங்கிலேய அறிஞர்களுடனும் இதே தொனியில் மோதியவர் என்பதை மறக்கலாகாது. இருவருக்குமிடையே தனிப்பட்ட நட்பும் முறியவில்லை. ஆனால் எடிங்டனின் செல்வாக்கினால் வானியலாளர்கள் பலர் எல்லை நிறையை நீண்ட காலம் பொருட்படுத்தாது விட்டனர் என்பது உண்மை.

சிக்காகோ வாழ்க்கை

1936 செப்டம்பரில் மாநிலக் கல்லூரியில் தம்முடன் இயற்பியல் பயின்ற லலிதா துரைசாமியைச் சந்திரசேகர் மணந்தார். 1937 சனவரியில் ஓட்டோ சுட்ரூவேயின் அழைப்பை ஏற்று, சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்சு வானாய்வகத்தில் சேர்ந்தார். இறுதிவரை அப்பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார். தொடக்கத்தில் இவரது நிறத்தைக் காரணம் காட்டி வளாகத்தில் வகுப்பு எடுப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஆட்சின்சு அதை ஏற்காமல் இவருக்கு ஆதரவளித்தார். 1953இல் கணவன் மனைவி இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர்.

எடிங்டனுடன் தொடர்ந்து மல்லுக்கட்டுவதை விடுத்து, தாம் அறிந்தவற்றை எல்லாம் ஒரு நூலாக எழுதிவிட்டு வேறு துறைக்குச் செல்வதென இவர் முடிவு செய்தார். அவ்வாறு 1939இல் வெளிவந்ததே விண்மீன் கட்டமைப்பு பற்றிய நூல். இதுவே இவரது வாழ்நாள் வழக்கமாயிற்று. ஒரு துறையில் பல ஆண்டுகள் உழைத்து, அதை நூலாக்கி, பின்னர் புதிய துறைக்கு மாறுவார். விண்மீன் இயக்கவியல், கதிர்வீச்சுப் பரிமாற்றம் (1950), பாய்மங்களின் நிலைப்புத்தன்மை (1961), கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு (1983) என அவ்வரிசை நீண்டது. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். யெர்க்சு வானாய்வகத்திலிருந்து நெடுந்தொலைவு தாமே வண்டியோட்டிச் சிக்காகோ வந்து வகுப்பு எடுத்த காலத்தில் இவரிடம் பயின்ற லீ, யாங் ஆகிய இருவரும் 1957இல், தம் ஆசிரியருக்கு 26 ஆண்டுகள் முன்னதாகவே, நோபல் பரிசு பெற்றனர்.

எல்லையின் ஏற்பு

வெண் குறுமீனாக இயலாத விண்மீன்களுக்கு என்ன நேரும் என்னும் கேள்விக்கு விடைகள் மெல்ல வந்தன. 1939இல் ஓப்பன்னைமர், வோல்கோப் ஆகியோர் நொதுமி விண்மீன்களுக்கும் ஒரு நிறை எல்லை உண்டு எனக் காட்டினர். 1967இல் துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்டபோது நொதுமி விண்மீன்கள் மெய்யாகவே உள்ளன என்பது உறுதியாயிற்று. கருந்துளைகள் பற்றிய ஆய்வும் அதன்பின் விரைவு கொண்டது. சந்திரசேகர் எல்லையை நெருங்கும் வெண் குறுமீன்கள் வெடிப்பதால் உண்டாகும் ஒருவகை மீவிண்மீன்கள் ஏறத்தாழ ஒத்த ஒளிர்வு கொண்டவை. அவற்றைக் கொண்டே 1998இல் அண்டம் விரைவுபெற்று விரிகிறது என்பது கண்டறியப்பட்டது.

சிறப்புகள்

சந்திரசேகர் 1944இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினரானார். 1966இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கத்தையும், 1968இல் இந்திய அரசின் பத்ம விபூசண் விருதையும், 1984இல் கோப்ளி பதக்கத்தையும் பெற்றார். கணிதமேதை இராமானுசன் மீது பெருமதிப்புக் கொண்டிருந்த இவர், 1936இல் இந்தியா வந்தபோது இராமானுசனின் மனைவி சானகி அம்மாளிடமிருந்து அவரது கடவுச்சீட்டுப் படத்தைத் தேடிப் பெற்றுக் கணிதப் பேராசிரியர் ஆர்டியிடம் சேர்ப்பித்தார்.

எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982இல் கேம்பிரிட்சில் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டவர் சந்திரசேகரே. அவ்வுரைகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தன. அந்நூலின் தலைப்பிலேயே எடிங்டனைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் எனக் குறித்திருந்தார்.

நியூட்டனின் பிரின்சிப்பியா நூலைப் பொது வாசகர்களுக்கு விளக்கும் இவரது கடைசி நூல் 1995இல் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மாரடைப்பால் சிக்காகோவில் காலமானார். 1999 சூலையில் விண்ணில் செலுத்தப்பட்ட நாசாவின் எக்சு-கதிர் தொலைநோக்கிக்குச் சந்திரா என்னும் பெயர் சூட்டப்பட்டது. லடாக்கின் ஆன்லே ஊரில் இந்திய வானியற்பியல் நிறுவனம் அமைத்துள்ள 2 மீட்டர் தொலைநோக்கியும் இவர் பெயரையே தாங்கியுள்ளது. லலிதா சந்திரசேகர் 2013இல், நூறு வயதைக் கடந்த நிலையில், சிக்காகோவில் மறைந்தார்.